ஓசூர் அருகே பிறந்த ராஜாஜிக்கும் இன்றைய செய்தித் தமிழுக்கும் என்ன தொடர்பு?

ஓசூர் சிப்காட் பக்கம் வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க ஏராளம். ஆனால் செல்போனில் வரும் தமிழ்ச் செய்தியை அவர்களில் பலரும் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். இந்த எளிய செய்தித் தமிழ் தானாக வந்துவிடவில்லை. சமூகத்தை மாற்ற நினைத்த சிலர், அதற்காகவே உருவாக்கிய நடை இது.

எங்கே தொடங்கியது?

1878ல் 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு பேரில் ஒருவர் ஜி.சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலம் தெரியாத மக்களுக்கு அரசியல் போய்ச் சேர வேண்டும் என்று 1882ல் 'சுதேசமித்திரன்' வார இதழைத் தொடங்கினார். 1899ல் அது நாளிதழானது. வரி, பட்ஜெட், காங்கிரஸ் தீர்மானம் போன்றவற்றையெல்லாம் தமிழில் எழுத அப்போது சரியான சொற்கள்கூட இல்லை. எழுத எழுதத்தான் சொற்கள் பிறந்தன.

எழுதியதைச் செய்தும் காட்டினார் ஐயர். சிறுவயதிலேயே விதவையான தன் மகளுக்கு 1889ல் மறுமணம் செய்துவைத்தார். அதற்காகச் சாதியினர் அவரை ஒதுக்கிவைத்தனர்.

பாரதி செய்தது என்ன?

1904ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார் பாரதியார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அங்கே முக்கிய வேலை. 1906 முதல் 'இந்தியா' வார இதழில் சுடச்சுட அரசியல் எழுதினார், கார்ட்டூன்களும் வந்தன. 1908ல் அரசின் நெருக்கடி முற்ற, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குத் தப்பிச் சென்றார். இதழும் அங்கிருந்தே வெளிவந்தது.

இதே காலத்தில் சீனாவிலும் இதே கதைதான். 1898ல் சீர்திருத்த முயற்சி தோற்றதும் லியாங் சிச்சாவ் ஜப்பானுக்குத் தப்பினார். யோக்கோகாமாவில் இருந்து இதழ்கள் நடத்தி, பழைய இலக்கிய மொழியைத் தளர்த்தி, வேகமான புதிய நடையை உருவாக்கினார். இருவருக்குமே நாடுகடந்த அச்சகம்தான் கைகொடுத்தது.

காலணாதான் விலை

1907ல் சென்னையில் அயோத்திதாசர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயரானது! சாதிக் கொடுமைக்கு எதிரான குரல் அதில் வாரந்தோறும் ஒலித்தது.

1917ல் 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியரானார் திரு.வி.க. வடசொல்லும் ஆங்கிலமும் மண்டிக் கிடந்த பத்திரிகை மொழியை நல்ல தமிழுக்குத் திருப்பியவர் இவர். 1918ல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்திலும் முன்னணியில் நின்றார். ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் இன்று புழங்கும் தொழிற்சங்கத் தமிழுக்கு அவர் ஒரு முன்னோடி.

ஓசூர் தொடர்பு

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878ல் பிறந்தவர் ராஜாஜி. 1916லேயே சேலத்தில், அறிவியல் சொற்களைத் தமிழில் உருவாக்க ஒரு சங்கம் அமைத்தார். 1929ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்து, மதுவிலக்குக்காக மட்டுமே 'விமோசனம்' என்ற மாத இதழை நடத்தினார். வந்தது பத்து இதழ்கள்தான். ஆனால் அதற்கு உதவி ஆசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? கல்கி!

திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் தொழில் கற்றவர் கல்கி. குடியால் சீரழியும் குடும்பங்களுக்காக எழுதும்போது பண்டிதத் தமிழ் உதவாது. கதைபோல, பேசுவதுபோல எழுதினால்தான் எடுபடும். அந்த நடையைத்தான் பிறகு 'ஆனந்த விகடன்', 'கல்கி' வழியாக லட்சக்கணக்கானோர் ரசித்தார்கள்.

எழுத்தோடு நிற்கவில்லை. 1937ல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அப்போது அதற்குள்தான் இருந்தது.

அதன் பிறகு?

ஈரோட்டில் 1925ல் பெரியார் தொடங்கிய 'குடிஅரசு', சாதியையும் சடங்கையும் பேச்சு நடையிலேயே கேள்வி கேட்டது. 1942ல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி', சின்னச் சின்ன வாக்கியங்களோடு டீக்கடை வரை போனது. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் செய்தி வாசிக்க முடிந்தது. இன்று நம் செல்போனில் ஓடும் செய்திக்கும் அடிப்படை அந்தச் சின்ன வாக்கியம்தான்.