இடையில் நிற்கும் காற்று

தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று கம்ப்யூட்டர் உண்டு. பிள்ளைகளின் பாடமும், ஊரிலுள்ள பெரியோருடன் முகம் பார்த்துப் பேசுதலும் அதனால் நிகழ்கின்றன. மே மாத வெயிலில் அது வேகங்குன்றித் தானே அணைந்து போமாயின், புதியது வாங்க நினையாதீர்கள். பிராசசருக்கும் அதன் மேலமர்ந்த ஹீட் சிங்குக்கும் நடுவேயுள்ள பசை காய்ந்து போயிருக்கலாம்.

உழைக்கும் பிராசசர் சூடேறும். அச்சூட்டைச் செம்பாலோ அலுமினியத்தாலோ ஆன ஹீட் சிங்க் வாங்கிக் காற்றில் விடுகிறது. உலோகத்தின் மேல் உலோகம் அமர்ந்திருக்க, இடையே பசை எதற்கு? இரு பரப்புகளும் வழவழப்பாகத் தோன்றினும், நுணுகி நோக்கின் மேடுபள்ளம் நிறைந்தவை. அப்பள்ளங்களில் காற்று தங்குகிறது. விஞ்ஞானிகளின் அளவையில் செம்பின் வெப்பங்கடத்தும் திறன் ஏறத்தாழ 400, காற்றினுடையது 0.026 மட்டுமே. தெர்மல் பேஸ்ட் எனப்படும் பசை பலவற்றின் திறன் 4 முதல் 8 வரை.

இவ்வெண்களே செய்முறையையும் கற்பிக்கின்றன. பசை காற்றினும் நூறு மடங்குக்கு மேல் சிறந்தது. செம்பினுமோ ஐம்பது மடங்கேனும் தாழ்ந்தது. ஆதலின் காற்றை வெளியேற்றும் அளவே போதும். மிகுதியாக அப்பினால் அதுவே சூட்டுக்குத் தடையாகும்.

மின்தொடர்பை நீக்கி, ஹீட் சிங்கைக் கழற்றுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் பழைய பசையை இருபுறமும் துடைத்து உலர விடுங்கள். சாதாரண பிராசசரின் நடுவே பட்டாணி அளவு பசை வைத்து, ஹீட் சிங்கை நேராக இறக்குங்கள். திருகாணிகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்கினால், அழுத்தமே பசையைப் பரப்பிவிடும். புதிய ஹீட் சிங்கின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருப்பின், அதை உரித்தல் மறவற்க. காலியம் கலந்த திரவ உலோகத்தை அலுமினியத்தின் மேல் இடலாகாது. அது அலுமினியத்தை அரித்துவிடும்.

தெர்மல் பேட் என்னும் மென்தகடு வேறு பணிக்குரியது. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என இடைவெளி அகன்றுள்ள நினைவகச் சில்லு போன்றவற்றுக்கு அது ஏற்றது. பழைய தகட்டின் கனத்திலேயே புதியதையும் வாங்குங்கள். கனம் மிகுந்தால் ஹீட் சிங்க் பிராசசரின் மேல் சரியாக அமராது.

சிறு குழாய்ப் பசையும் அரைமணி நேரப் பொறுமையும் கொண்டு இதனை முதலில் செய்து பார்த்தல், குடும்பத்திற்குப் பெருஞ்செலவொன்றை மிச்சமாக்கக் கூடும்.