எல்லை கடந்த மூலதனமும் எல்லைக்குட்பட்ட சட்டமும்: சர்வதேச வங்கி ஒழுங்குமுறை பற்றிய ஒரு நோக்கு

வங்கியியல் கணக்காளருக்கும் பொருளியலாளருக்கும் மட்டுமே உரிய துறை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆயின், சமூக மாற்றங்களை அவற்றின் பொருளாதார அடித்தளத்தில் வைத்து நோக்க முற்படும் எவரும், பணம் நாடு விட்டு நாடு செல்லும் முறையினையும் அதனைக் கட்டுப்படுத்த எடுக்கப்பட்ட முயற்சிகளையும் புறக்கணித்தல் இயலாது. மூலதனம் உலகளாவியது, சட்டமோ அரசின் எல்லையோடு நின்றுவிடுவது. இவ்விரண்டுக்குமிடையிலான முரண்பாட்டின் வரலாறே சர்வதேச வங்கி ஒழுங்குமுறையின் வரலாறு எனலாம். அம்முரண்பாடு முற்றி வெடிக்கும்போது இழப்பினை யார் சுமக்கின்றனர் என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினாவாகும்.

1950களின் பிற்பகுதியிலிருந்து இலண்டனில் யூரோடொலர்ச் சந்தை வளர்ச்சியுற்றது. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள வங்கிகளில் வைப்பிலிடப்பட்ட டொலர்களே யூரோடொலர்கள் எனப்பட்டன. அமெரிக்காவின் வட்டி உச்சவரம்பும் கையிருப்பு விதிகளும் அவற்றைத் தீண்டவில்லை. 1971 ஓகஸ்டில் டொலருக்கும் தங்கத்துக்குமிடையிலான பிணைப்பு அறுக்கப்பட்டது. 1973இல் முக்கிய நாணயங்கள் மிதக்கவிடப்பட்டன. நாணய விலைகளின் ஏற்ற இறக்கமே ஊக வணிகத்துக்குரிய புதிய களமாயிற்று.

இக்களத்தில் வீழ்ந்த வங்கிகளுள் ஒன்று மேற்கு ஜேர்மனியின் கொலோன் நகரத்து ஹேர்ஸ்டாட் வங்கி. அந்நியச் செலாவணி ஊக வணிகத்தில் பெருநட்டமுற்ற அவ்வங்கி 1974 யூன் 26ஆம் திகதி, ஜேர்மனியின் வங்கிக் கொடுப்பனவுகள் முடிவுற்ற பிற்பகல் வேளையில் அதிகாரிகளால் மூடப்பட்டது. அப்பொழுது நியூயோர்க்கில் காலை 10.30 மணி. அன்று அவ்வங்கியுடன் நாணயம் மாற்றிய பிற வங்கிகள் தமது மார்க் நாணயத்தை ஜேர்மனியில் ஏலவே செலுத்திவிட்டன. அதற்கீடாக நியூயோர்க்கில் கிடைக்கவேண்டிய டொலர்களோ கிடைக்கவில்லை. ஒரே கொடுக்கல் வாங்கலின் இரு பாதிகள் இரு நாடுகளில், இரு நேரங்களில், இரு சட்டங்களின் கீழ் நிறைவேறவேண்டியிருந்தமையே இதற்குக் காரணம். நாணயமாற்றின் இரு பக்கங்களையும் ஒருங்கே தீர்க்கும் சர்வதேச வங்கியொன்று செயற்படத் தொடங்கியது 2002இலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1974இன் இறுதியில், பத்தினர் குழு எனப்பட்ட செல்வந்த நாடுகளின் மத்திய வங்கி ஆளுநர்கள் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் வங்கி மேற்பார்வைக் குழுவொன்றினை அமைத்தனர். அதற்கு இடமளித்த சர்வதேசத் தீர்ப்பனவுகள் வங்கி, முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மனியிடமிருந்து அறவிடப்பட்ட நட்டஈட்டினைக் கையாள 1930இல் நிறுவப்பட்டதாகும். பாசல் குழுவின் முடிவுகளுக்குச் சட்டவலு இல்லை. உறுப்பு நாடுகள் தத்தம் சட்டங்கள் மூலமே அவற்றை நிறைவேற்ற வேண்டும். வெளிநாட்டுக் கிளைகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு எவருடையது என்பதனை அதன் 1975ஆம் ஆண்டு இணக்கப்பாடு வகுக்க முயன்றது. 1982இல் மிலான் நகரத்து அம்புரோசியானோ வங்கி வீழ்ந்தபோது, அதன் லக்சம்பேர்க் துணைநிறுவனத்தின் கடன்களுக்கு இத்தாலிய அதிகாரிகள் பொறுப்பேற்க மறுத்தனர். வங்கிக் குழுமம் முழுவதையும் ஒன்றாக வைத்து நோக்கும் விதி அடுத்த ஆண்டு இணக்கப்பாட்டிற் சேர்க்கப்பட்டது.

எனினும் அவ்விதியின் போதாமையை பி.சி.சி.ஐ. எனப்பட்ட வங்கி வெளிப்படுத்திற்று. 1972இல் தொடங்கப்பெற்ற அது, லக்சம்பேர்க்கிற் பதிவுபெற்று, இலண்டனிலிருந்து நிருவகிக்கப்பட்டு, கேமன் தீவுகளூடாகவும் பணத்தை நகர்த்திற்று. அதனை முழுமையாகக் கண்காணிக்கும் பொறுப்பு எந்த ஒரு நாட்டிடமும் இருக்கவில்லை. 1991 யூலை 5ஆம் திகதி பல நாடுகளில் ஒரே வேளையில் அது மூடப்பட்டபோது, பிரித்தானியாவில் வாழ்ந்த தென்னாசியச் சிறு வணிகர் பலரின் சேமிப்பும் முடங்கிற்று. மேற்பார்வையாளர் பல்லாண்டுகள் காணத் தவறியதன் விலையைச் செலுத்தியோர் வைப்பாளர்களே.

இனி, 1988ஆம் ஆண்டின் மூலதன உடன்பாட்டை நோக்குவோம். ஆபத்தின் அளவுக்கேற்ப நிறையிடப்பட்ட சொத்துக்களில் 8 வீதத்தினை வங்கிகள் மூலதனமாக வைத்திருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அந்நிறைகளிலேயே அதன் வர்க்கச் சார்பும் நாட்டுச் சார்பும் புலனாகின்றன. தனியார் நிறுவனமொன்றுக்கு 100 டொலர் கடன் வழங்கின் 8 டொலர் மூலதனம் தேவை. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனத்தின் உறுப்பு நாட்டு அரசுக்கு வழங்கின் எதுவும் தேவையில்லை. அந்நிறுவனத்துக்குப் புறம்பான நாட்டு வங்கிக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட கடன் வழங்கின் 8 டொலர்; ஓராண்டுக்குட்பட்டதாயின் 1.60 டொலர் மட்டுமே. எனவே, வறிய நாடுகளுக்குக் குறுங்காலக் கடன் வழங்குவதே வங்கிக்கு இலாபகரமாயிற்று. குறுங்காலக் கடன் விரைந்து வருவது. அதனினும் விரைந்து வெளியேறுவது. 1997இல் தாய்லாந்திலும் அயல்நாடுகளிலும் நெருக்கடி முற்றியதற்கு இது ஒன்றே காரணமன்றாயினும் ஒரு காரணமாகும்.

2008 செப்டெம்பர் 15ஆம் திகதி லேமன் பிறதர்ஸ் வீழ்ந்தபோதும் பழைய முரண்பாடே தலைதூக்கிற்று. ஒரே குழுமமாக இயங்கிய அது, பல நாட்டுச் சட்டங்களின் கீழ்த் துண்டு துண்டாகக் கலைக்கப்பட்டது. 2009இல் இந்தியா, சீனா, பிறேசில் முதலிய நாடுகளும் பாசல் குழுவிற் சேர்க்கப்பட்டன. இலங்கை அதன் உறுப்பு நாடன்று; எனினும் அக்குழு வகுத்த மூன்றாம் பாசல் விதிகளை 2017 முதல் நமது வங்கிகளும் பின்பற்றி வருகின்றன. வகுப்போர் ஒரு சாராராகவும் பின்பற்றுவோர் பிறிதொரு சாராராகவும் இருத்தல் நோக்கற்பாலது.

இவ்விதிகள் யாவும் வெறும் ஏமாற்று என ஒதுக்குவது வரட்டுவாதமாகும். அவை நடுநிலையான தொழில்நுட்பம் எனக் கொள்வது மாயையாகும். ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டங்களை ஆராய்ந்த மார்க்ஸ், அவற்றை நீண்ட வர்க்கப் போராட்டத்தின் விளைவாகக் கண்டார். வேலை நாளின் நீளம் குறைந்தமை தொழிலாளர்க்கு உண்மையான வெற்றியாகும். வங்கி ஒழுங்குவிதிகளுக்குப் பின்னால் அத்தகைய மக்கள் இயக்கம் இருக்கவில்லை. வங்கிகளின் வீழ்ச்சியே ஒவ்வொரு விதியையும் பிறப்பித்தது. ஆதலின், விதிகள் நெருக்கடிக்குப் பின்னரே வருகின்றன; இழப்போரின் குரல் அவற்றில் இடம்பெறுவதில்லை. சேமிப்பை இழக்கும் வைப்பாளரும், கடன்சுமையை வரியாகவும் விலையேற்றமாகவும் சுமக்கும் உழைக்கும் மக்களும் இவ்விதிகளைத் தமது பிரச்சினையாக இனங்காணும் வரை இந்நிலை மாறப்போவதில்லை. அவர்களுக்கு விளங்கும் மொழியில் இவற்றை எடுத்துரைத்தல் தமிழில் ஆய்வு செய்வோரின் கடமைகளுள் ஒன்றாகும்.