குழி விழுந்த கல்லுக்கு வைர வைத்தியம்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி செல்லும் சாலையில் இருக்கும் கல்லாறு, பெயருக்கேற்ற ஊர். ஆற்றில் எங்கு பார்த்தாலும் உருண்டு தேய்ந்த கற்கள். தண்ணீர் கல்லை உருண்டையாக்குகிறது. தச்சரின் உளியோ தீட்டுக்கல்லைக் குழியாக்குகிறது.

இந்த இரண்டாவது தேய்மானம்தான் சங்கடம். தீட்டும் கை கல்லின் நடுப்பகுதியையே நாடும். நாளடைவில் நடு பள்ளமாகி, ஓரம் மேடாக நிற்கும். அதில் தீட்டிய உளியின் வாய் வில்லாக வளையும். மரத்தின் மூட்டில் இடைவெளி விழும். பழி தச்சருக்கு, குற்றவாளி கல்.

பழைய வைத்தியம், மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பது. இரண்டு கற்களை உரசினால் ஒன்று குழிந்து மற்றது புடைக்கலாம். மூன்று கற்களை மாற்றி மாற்றி உரசினால்தான் சமதளம் நிச்சயம்.

இந்தப் பாட்டை வைரத் தகடு குறைக்கிறது. எஃகுத் தகட்டில் நிக்கல் பூச்சு இறுக்கிப் பிடித்திருக்கும் வைரத் துகள்கள்தான் சூட்சுமம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. கார்போரண்டம் 9-க்குச் சற்று மேல். நகைக்கடை விலைக்கு அஞ்ச வேண்டாம், இது செயற்கை வைரம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகம் 1954-ல் அதற்கு வழி திறந்தது. சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

செய்முறை எளிது. கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, தண்ணீர் விட்டு, அழுத்தாமல் தகட்டில் தேய்க்க வேண்டும். கோடுகள் முழுவதும் மறைந்தால் கல் சமம். நடுவில் கோடு மிஞ்சினால் பள்ளம் இன்னும் பாக்கி. கடைசியில் கூரான ஓரங்களை லேசாக மழுக்கி, தகட்டைக் கழுவி உலர்த்த வேண்டும்.

குழி ஆழமாகும்வரை காத்திருந்தால் கல்லில் பாதி கரைந்துவிடும். அவ்வப்போது நாலு தேய்ப்பு, கல்லுக்கும் ஆயுள், உளிக்கும் மரியாதை.