ஓலைச்சுவடிப் படங்களில் நிறச்சாயல்: செயற்கை ஒளியும் சாம்பல் அட்டையும்

ஆய்வுச் சுருக்கம்

நூலகங்களிலும் தனியார் இல்லங்களிலும் மின்விளக்கொளியில் படம்பிடிக்கப்படும் ஓலைச்சுவடிகளும் தாள்சுவடிகளும் மஞ்சளாகவோ பச்சையாகவோ நீலமாகவோ தோன்றுகின்றன. இச்சாயலைப் படக்கருவி தானாக நீக்கும்போது ஓலையின் இயல்பான நிறமும் உடன் நீங்கிவிடுகிறது. இதனைத் தவிர்க்க நடுநிலைச் சாம்பல் அட்டையைப் படத்தினுள் வைக்கும் முறையையும், அம்முறையும் பயன்தராத ஒளிநிலைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, தாள்சுவடி, நிறச்சாயல், நிற வெப்பநிலை, வெண்சமநிலை, சாம்பல் அட்டை

முன்னுரை

சுவடி ஆய்வில் ஈடுபடுவோர் இன்று மூலச்சுவடியைக் காட்டிலும் அதன் படத்தையே நீண்ட நேரம் பார்க்கின்றனர். சுவடி சில மணிநேரமே கைக்குக் கிடைக்கிறது. படமோ ஆண்டுக்கணக்கில் கணினியில் இருக்கிறது. எழுத்தைப் படிப்பதற்கு நிறம் தேவையில்லை என்று கருதலாம். கறுப்பு வெள்ளை நுண்படச்சுருளைக் கொண்டும் சுவடியைப் படிக்க இயலும் என்பது உண்மையே. ஆயினும் சுவடி தரும் சான்று எழுத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு கட்டினுள் நிறம் வேறுபட்டு நிற்கும் ஏடு, பழுதுற்ற ஏட்டிற்கு மாற்றாகப் பின்னாளில் எழுதிச் சேர்த்ததாக இருக்கலாம். தாள்சுவடியில் கரிய மையால் எழுதிய மூலத்தின்மேல் வேறொருவர் நீல மையால் திருத்தம் இட்டிருக்கலாம். மஞ்சள் குமிழ்விளக்கின் ஒளியில் எடுத்த படத்தில் இவ்விரு மைகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. ஒரு பாடம் மூலத்தை எழுதியவருடையதா, திருத்தியவருடையதா என்னும் வினாவிற்கான சான்று அங்கே மறைந்துபோகிறது.

கண் சரிசெய்வதும் கருவி சரிசெய்யாததும்

ஒளிமூலத்தின் நிறத்தை நிற வெப்பநிலை என்னும் அளவையால் கெல்வின் அலகில் குறிப்பர். குமிழ்விளக்கின் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின். ஆலசன் விளக்கு 3,000 கெல்வினை ஒட்டியது. நண்பகல் வெயில் 5,500 கெல்வினை ஒட்டியது. கடைகளில் 'கூல் டேலைட்' என்று விற்கப்படும் குழல்விளக்கும் எல்இடி விளக்கும் பெரும்பாலும் 6,500 கெல்வின். எண் உயர உயர ஒளி நீலமாகும். குறையக் குறைய மஞ்சளும் சிவப்புமாகும். பேச்சு வழக்கில் மஞ்சளொளியை வெம்மையானது என்றும் நீலத்தைக் குளிர்ந்தது என்றும் கூறுவதற்கு இது நேர்மாறாக அமைவதால் புதியவர் இங்குத் தடுமாறுவது இயல்பே.

குமிழ்விளக்கின்கீழும் வெள்ளைத்தாள் மனிதக் கண்ணுக்கு வெள்ளையாகவே தோன்றுகிறது. கண்ணின் மூவகை நிற உணர்வுகளும் சூழலொளிக்கு ஏற்பத் தனித்தனியே தம் கூர்மையைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன என்னும் கருத்தை ஜெர்மானிய உடலியலாளர் யோகான்னஸ் ஃபோன் கிரீஸ் 1902இல் முன்வைத்தார். படக்கருவியின் உணரிக்கு இத்தகைய இசைவு இல்லை. விழுந்த ஒளியை அப்படியே பதிகிறது. பதிவான சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளை வெவ்வேறு காரணிகளால் பெருக்கி, நடுநிலைப் பொருளில் மூன்றையும் சமமாக்குவதே வெண்சமநிலை எனப்படும். கணக்கு எளியது. எந்தக் காரணிகளால் பெருக்குவது என்பதைக் கருவி எவ்வாறு அறிகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தானியங்கித் திருத்தம் ஓலையை வெளுக்கச் செய்வது

ஒரு காட்சியில் உள்ள எல்லா நிறங்களையும் சராசரி கண்டால் அது சாம்பல் நிறமாக அமையும் என்பது தானியங்கி முறைகளின் பழைய எடுகோள். புக்ஸ்பாம் 1980இல் வெளியிட்ட ஆய்வோடு இஃது இணைத்துப் பேசப்படுகிறது. தெரு, தோட்டம், மக்கள் கூட்டம் ஆகியவற்றுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஏடு ஒன்றே நிறைந்திருக்கும் படத்திற்குப் பொருந்தாது. பதப்படுத்திய பனையோலை இயல்பிலேயே மஞ்சள் கலந்த பழுப்பு. எழுத்துத் தெளிவுக்காகப் பூசிய கரியும் இலைச்சாறும், பூச்சி அரிக்காமலிருக்கத் தடவிய எலுமிச்சைப்புல் எண்ணெயும் அதனை மேலும் கருமையாக்குகின்றன. அந்த மஞ்சளை விளக்கின் மஞ்சளாகக் கருதிக் கருவி நீக்கிவிடுகிறது.

விளக்கத்திற்காகச் சில எண்களைக் கொள்ளலாம். குமிழ்விளக்கின்கீழ் ஒரு சாம்பல் அட்டை சிவப்பு 180, பச்சை 120, நீலம் 60 எனவும், அதனருகில் உள்ள ஓலை 198, 108, 36 எனவும் பதிவாவதாகக் கொள்வோம். அட்டையைச் சமமாக்கச் சிவப்பை மூன்றில் இரண்டாகக் குறைத்து நீலத்தை இரட்டிக்க வேண்டும். அப்போது அட்டை 120, 120, 120 ஆகும். ஓலை 132, 108, 72 ஆகும். விளக்கின் மஞ்சள் நீங்கியது. ஓலையின் பழுப்பு எஞ்சியது. மாறாக, ஓலை நிறைந்த காட்சியின் சராசரியையே கருவி சமமாக்கினால் ஓலை 108, 108, 108 என்று வெறும் சாம்பலாகிறது. அட்டையோ 98, 120, 180 என்று நீலமாகிறது. இன்றைய கருவிகளும் கைப்பேசிகளும் இவ்வளவு எளிய கணக்கோடு நிற்பதில்லை. காட்சியை இனங்கண்டு திருத்துகின்றன. ஆயினும் பிழையின் திசை பெரும்பாலும் இதுவே. அதனினும் பெரிய இடர், ஒவ்வோர் ஏட்டிற்கும் காரணிகள் மாறிக்கொண்டே இருப்பது. ஒரே கட்டின் பத்தாம் ஏடு வெளுத்தும் பதினொன்றாம் ஏடு சிவந்தும் தோன்றினால், அந்த வேறுபாடு ஓலையினுடையதா கருவியினுடையதா என்று பின்னர் எவராலும் கூற இயலாது. தாளை வெளுக்கச் செய்து எழுத்தைக் கறுக்கச் செய்யும் 'ஸ்கேன்' செயலிகளைப் பற்றித் தனியே கூற வேண்டியதில்லை. படித்துக்கொள்வதற்கு அவை உதவும், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சான்றாக வைப்பதற்கு உதவா.

அட்டையைக் கொண்டு திருத்துதல்

ஒளிப்படக் கடைகளில் கிடைக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகத் திருப்பும் தன்மையது. கட்டின் முதல் ஏட்டைப் படம்பிடிக்கும்போது ஏட்டின் அருகில், அதே தளத்தில், அதே ஒளியில் இதனை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். விளக்கோ இடமோ மாறினால் மீண்டும் ஒன்று. தொடர்ந்து வரும் ஏடுகளுக்குக் கருவியின் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் நிறுத்த வேண்டும். கணினியில் அட்டைப் படத்தைத் திறந்து, துளிசொட்டி வடிவிலுள்ள கருவியால் அட்டையின்மேல் சொடுக்கினால் காரணிகள் கிடைக்கும். அவற்றையே எல்லா ஏடுகளுக்கும் படியெடுக்கலாம். டார்க்டேபிள், ராதெரபி ஆகிய கட்டற்ற மென்பொருள்களில் இவ்வசதி உண்டு.

வெள்ளைத்தாள் அட்டைக்கு மாற்றாகுமா என்னும் வினா எழலாம். இன்றைய தாள்களில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் புறஊதா ஒளியை உள்வாங்கி நீல ஒளியாக உமிழ்வன. எனவே தாள் நடுநிலையானது அன்று. வேறு வழியில்லாதபோது கொள்ளலாம். கொண்டதைக் குறித்து வைக்க வேண்டும்.

படத்தை 'ரா' கோப்பாகப் பதிவதும் இன்றியமையாதது. அதில் உணரியின் மதிப்புகள் திருத்தப்படாமல் உள்ளன. வெண்சமநிலை ஒரு குறிப்பாக மட்டுமே உடன் நிற்கிறது. ஜேபெக் கோப்பில் பெருக்கல் முன்னரே முடிந்து, ஒரு நிறத்திற்கு 256 படிகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். மஞ்சளொளியில் உச்சத்தைத் தொட்டு வெட்டுண்ட சிவப்பு மதிப்பு மீளாது. 'ரா' கோப்பிலும் ஓர் எல்லை உண்டு: குமிழ்விளக்கில் நீல ஒளி குறைவாதலால் நீலத்தைப் பெருக்கும்போது அதன் இரைச்சலும் பெருகும். நீல மைத் திருத்தத்தைத் தேடும் ஆய்வாளர் விளக்கை மாற்றிக்கொள்வதே நேர்வழி.

திருத்த இயலாத ஒளிநிலைகள்

சன்னல் வெளிச்சமும் மின்விளக்கும் ஒருங்கே விழும் மேசை முதலாவது. ஏடு ஓர் அடிக்கு மேல் நீண்டிருக்குமாயின் அதன் ஒரு முனை நீலமாகவும் மறுமுனை மஞ்சளாகவும் பதிவாகும். ஒரே காரணிகளால் இரண்டையும் திருத்த இயலாது. சன்னலை மூடுவது, அல்லது விளக்கை அணைத்துச் சன்னலொளியை மட்டும் கொள்வது; இரண்டில் ஒன்றுதான் செய்யத்தக்கது.

குழல்விளக்கும் எல்இடியும் வேறுவகைச் சிக்கலைத் தருகின்றன. குமிழ்விளக்கின் நிறமாலை இடையறாதது. குழல்விளக்கில் பாதரசத்தின் கூரிய கோடுகள் உள்ளன. 546 நானோமீட்டரில் உள்ள கோடு படங்களில் காணும் பச்சைச் சாயலுக்கு ஒரு காரணம். வெள்ளை எல்இடி பெரும்பாலும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியையும் அதனால் தூண்டப்படும் மஞ்சள் ஒளிர்பொருளையும் கொண்டது. மலிவான விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இல்லாத ஒளியை எந்தக் காரணியாலும் பெருக்க இயலாது. வீட்டுப் பூசையில் மஞ்சளும் குங்குமமும் இட்ட முதல் ஏட்டை அத்தகைய விளக்கில் எடுத்தால், சாம்பல் அட்டை சரியாக அமைந்த பின்னரும் குங்குமம் ஓலையின் பழுப்போடு கலந்தே தோன்றக்கூடும். விளக்கின் உறையில் அச்சிடும் நிறக்காட்டுக் குறியீடு மென்மையான எட்டு நிறங்களின் சராசரியே ஆகும். 'ஆர்9' எனப்படும் செறிந்த சிவப்பு அதில் சேர்வதில்லை. ஆகவே குறியீடு 90க்கு மேல் உள்ளதோடு ஆர்9 மதிப்பையும் தெரிவிக்கும் விளக்கைத் தேர்தல் நன்று.

பழைய சோக்கு பொருத்திய குழல்விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பினுள்ளும் ஒளியின் நிறமும் சற்றே மாறுகிறது. 1/500 நொடியில் அடுத்தடுத்து எடுத்த இரு படங்கள் நிறம் வேறுபடுவதன் காரணம் இதுவே. கருவியைத் தாங்கியில் நிறுத்தி 1/50 நொடி அல்லது அதனினும் நீண்ட நேரம் திறந்தால் வேறுபாடு மறையும்.

பதிவுமுறை

பதிப்பாசிரியர் தாம் செய்த பாடத் திருத்தத்தை அடிக்குறிப்பில் காட்டுவது தமிழ்ப் பதிப்புலகில் வேரூன்றிய நெறி. நிறத் திருத்தமும் ஒரு திருத்தமே. ஆயினும் ஆய்வேடுகளில் இடம்பெறும் சுவடிப் படங்களின்கீழ் அது குறிக்கப்படுவது அரிது. திருத்தாத மூலக்கோப்பை அழிக்காது தனியே வைத்தல் வேண்டும். படத்தின்கீழ் விளக்கின் வகை, அதன் கெல்வின் அளவு, அட்டை வைக்கப்பட்டதா என்பது, பயன்படுத்திய மென்பொருள் ஆகிய நான்கும் ஒரே வரியில் அடங்கும். அட்டையின்றி முன்னரே எடுத்த படங்கள் உள்ளவர், அந்நூலகத்தில் விளக்குகள் மாற்றப்படாதிருப்பின், அதே மேசையில் அட்டையை வைத்து அதே கருவியால் ஒரு படம் எடுத்து வரலாம். பழைய படங்கள் 'ரா' கோப்புகளாயின் அக்காரணிகள் அவற்றுக்கும் பொருந்தும்.