இருபத்தொரு விநாடி

"எதுக்குடா ஓடுற? பரிசு கிரிசு குடுப்பாங்களா?"

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது என் தந்தையார் கேட்ட கேள்வி இது. கொடுக்க மாட்டார்கள் என்றேன். "அப்ப யாரோட போட்டி?" என்றார். அதற்கு அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்துவிட்டேன். இக்கட்டுரையை அவருக்கு நான் தரும் விடை என்றே கொள்ளலாம். காலையில் விடுதி வாயிலில் ஓட்டச் சட்டையோடு என்னைக் கண்டு சிரிக்கும் சங்கத்து நண்பர்களுக்கும் இது பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறேன்.

பந்தயம் எத்தகையது?

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடிய தூரம் அது. 1921-இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பெற்றது. அதில் சரிபாதி, அதாவது 21.0975 கிலோமீட்டர், அரை மாரத்தான் ஆகும். நம் டில்லியில் இப்பந்தயம் 2005-இல் தொடங்கியது.

முன்வரிசையில் ஓடுபவர்கள் வேறோர் உலகத்தவர். உகாண்டா நாட்டு ஜேக்கப் கிப்லிமோ 2021-இல் லிஸ்பன் நகரில் இத்தூரத்தை 57 நிமிடம் 31 விநாடியில் ஓடினார். 2020-இல் டில்லிப் பந்தயத்தில் நம் இராணுவ வீரர் அவினாஷ் சாப்ளே 1 மணி 30 விநாடியில் ஓடி, அந்நாளைய இந்தியச் சாதனையை நிறுவினார். இவர்களுக்குப் பின்னால், பரிசைப் பற்றிய நினைவே இல்லாமல், ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள். குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், பாட்டிமார்கள், நம்மைப் போன்ற மாணவர்கள் எல்லாரும் அதில் உண்டு. இவர்களில் பலர் மனத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓடுகிறவர்கள். ஒருவருக்கு இரண்டரை மணி; இன்னொருவருக்கு ஒன்றே முக்கால் மணி. எனக்கு இரண்டு மணி. இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 விநாடியில் கடக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கைக் கால்கள் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் போதவில்லை.

நான் தோற்ற கதை

2023-இல் முதுகலை படிக்க இங்கு வந்தேன். இந்தி தெரியாது; குளிர் பழக்கமில்லை. முதல் பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தோற்றேன். ஊரில் பள்ளி முதல்வனாகத் தேறியவன் நான். வீட்டுக்குச் சொல்லவில்லை. விடுதியில் யார் முகத்திலும் விழிக்க வெட்கமாக இருந்தது. ஒருவரும் எழாத நேரத்தில் வெளியே போய்வரலாம் என்றுதான் 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கினேன். உடல்நலமோ பந்தயமோ அப்போது என் எண்ணத்தில் இல்லை.

ஓடினேன் என்றால், கண்மூடி ஓடினேன். நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர், மூச்சு முட்டும் வேகத்தில். இரண்டாம் மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்தது. மூன்று வாரம் நொண்டினேன். குணமானதும் மறுபடியும் அதே வேகம். அவ்வாண்டு அக்டோபரில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். முதல் 12 கிலோமீட்டர் 63 நிமிடத்தில் பறந்தன. எஞ்சிய 9 கிலோமீட்டருக்கு 71 நிமிடம் ஆயிற்று. பாதி ஓட்டம், பாதி நடை. மொத்தம் 2 மணி 14 நிமிடம். என் தந்தையார் வயதுடைய ஒருவர் என்னைக் கடந்து போகையில் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் விடுதியில் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். பல ஆண்டுகளாக ஓடுகிறவர். அண்ணன் என்றே அழைப்போம். என் கணக்கைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, நீ வேகமா ஓடிப் பழகினதாலதான் மெதுவா வந்திருக்க."

மெதுவாக ஓடி வேகம் பெறுதல்

அண்ணன் சொன்னது வேடிக்கைப் பேச்சு அன்று, உடலியல் உண்மை. நெடுந்தூர ஓட்டத்தில் வலிமையைவிடப் பிராணவாயு தசைக்குச் சென்று சேர்வதே முதன்மையானது. எளிய வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு வாரம் செல்லச் செல்ல மிகுகிறது. தசைநார்களைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுவின் உள்ளே எரிசக்தி ஆக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்து ஓடவும் உடல் கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் மூச்சுமுட்ட ஓடுபவனோ இவற்றுக்குத் தேவையான அளவு நேரம் ஓடுவதற்கு முன்பே களைத்துவிடுகிறான். மறுநாளும் அக்களைப்போடு ஓடுகிறான்.

லாக்டேட் என்னும் பொருளைப் பற்றியும் ஒரு சொல். ஓடும்போது கால் வலிப்பதற்கு அதுவே காரணம் என்று பலர் இன்றும் சொல்வதுண்டு. அது தவறு. லாக்டேட் உடலுக்கு ஓர் எரிபொருளே. இதயமும் தசைகளும் அதை எரிக்கின்றன. ஆனால் வேகம் ஓர் எல்லையைக் கடக்கும்போது, அது செலவாவதைவிட விரைவாக இரத்தத்தில் சேர்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் நெடுநேரம் தாங்க இயலாது. நன்கு பழகியவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகம் எதுவோ, அதுவே அவருடைய எல்லை. இரண்டு மணி நேரம் ஓட வேண்டியவன் அதற்குச் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும். முதல் பந்தயத்தில் நான் அதற்கு மேலே ஓடினேன். ஆகவே 12-ஆம் கிலோமீட்டரில் பயன் அனுபவித்தேன்.

நியூசிலாந்தில் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்டு என்பவர் இவ்வுண்மையைத் தம் உடலிலேயே சோதித்துக் கண்டவர். 800 மீட்டர் ஓடும் வீரரைக்கூட வாரத்திற்கு 100 மைல் சீரான வேகத்தில் ஓடச் செய்தார். கண்டவர்கள் நகைத்தார்கள். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பிற்காலத்தில் ஸ்டீபன் சைலர் என்னும் ஆய்வாளர் தேர்ந்த வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, பத்துப் பயிற்சிகளில் ஏறக்குறைய எட்டு எளிய வேகத்திலேயே அமைகின்றன என்று காட்டினார்.

எளிய வேகம் எது என்று எப்படி அறிவது? கருவி வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே ஒரு குறளை மூச்சு வாங்காமல் முழுதாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முதல் அடியிலேயே திணறினால் வேகத்தைக் குறையுங்கள். எனக்கு இந்த வேகம் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடமாக இருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தை விடுவதுதான் இப்பயிற்சியில் கடினமான பகுதி.

வாரக் கணக்கு

அண்ணன் எனக்கு வகுத்துக் கொடுத்த வாரம் இது. செவ்வாய்: எளிய ஓட்டம், 6 கிலோமீட்டர். வியாழன்: எல்லை வேகத்தில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை, இடையே இரண்டு நிமிடம் மெல்லோட்டம். சனி: எளிய ஓட்டம், 5 கிலோமீட்டர். ஞாயிறு: நெடிய ஓட்டம், 10 கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல மெல்ல 18 வரை. மற்ற நாட்களில் ஓய்வு. நான்கு வாரத்துக்கு ஒரு முறை தூரத்தைக் குறைக்க வேண்டும். பந்தயத்துக்கு முந்திய இரண்டு வாரமும் அவ்வாறே. பதினாறு வாரத்தில் ஒரு புதியவரும் இப்படி ஆயத்தமாகலாம்.

அவசரம் கூடாது. இதயமும் இரத்தமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசை நாணும் பழகப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டினால் கால் எலும்பு முறையிடும். என் முன்னெலும்பு வலி கற்பித்த பாடம் இது.

எந்த நேரத்தைக் குறிக்கோளாக வைப்பது? இதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. பீட்டர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1977-இல் வெளியிட்டது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கைவிடச் சற்று மிகும் என்பது அதன் சாரம். 10 கிலோமீட்டர் நேரத்தை 2.2-ஆல் பெருக்கினால் அரை மாரத்தான் நேரம் ஏறத்தாழக் கிடைக்கும். 2025 செப்டம்பரில் நான் 10 கிலோமீட்டரை 54 நிமிடத்தில் ஓடினேன். வாய்பாட்டை நுணுக்கமாகப் போட்டால் 1 மணி 59 நிமிடம் 9 விநாடி. குறிக்கோள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கையிருப்பு ஒரு நிமிடம்கூட இல்லை.

சோறும் நீரும் காற்றும்

ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் அரை மாரத்தான் ஓட ஏறக்குறைய 1,270 கலோரி வேண்டும். நன்றாக உண்டவர் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாக 1,500 முதல் 2,000 கலோரி வரை சேமிப்பு இருக்கும். ஆகவே முழு மாரத்தானில் 30 கிலோமீட்டருக்கு மேல் பலரை வீழ்த்தும் பட்டினிக் களைப்பு இங்கு பொதுவாக நேராது. முதல்நாள் இரவு வயிறாரத் தயிர்சோறும், விடியலில் ஒரு வாழைப்பழமும் எனக்குப் போதுமாயின. விடுதிச் சமையலறையில் அரிசிச் சோறு கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு!

தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்குப் பதின்மூவருக்கு உப்பு அளவு குறைந்திருந்தது. அளவு மீறி நீர் அருந்தியதே பெரும்பாலும் அதன் காரணம்.

காற்றைப் பற்றி டில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசு மிகுதி என்று 2017-இல் இந்திய மருத்துவச் சங்கமே இப்பந்தயத்தை நிறுத்தச் சொன்னது. ஓய்வில் உள்ளதைவிட ஓடும்போது பத்து மடங்கு காற்றை உள்ளிழுக்கிறோம். புகைமூட்டம் மிகுந்த நாளில் ஓடாமலிருப்பது சோம்பல் ஆகாது, அறிவு. ஜனவரிப் பனிப்புகையில் நான் ஓடித் தொடங்கியதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இருபத்தொரு விநாடி எங்கே போயிற்று?

2025 அக்டோபரில் மறுபடியும் ஓடினேன். அண்ணன் தம்முடைய கைக்கடிகாரத்தை இரவல் தந்தார். செயற்கைக்கோளைக் கொண்டு தூரமும் வேகமும் காட்டும் கடிகாரம் அது. முதல் ஐந்து கிலோமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னை நானே அடக்கினேன். 12-ஆம் கிலோமீட்டர் வந்தது, கால்கள் இருந்தன. 18 வந்தது, அப்போதும் இருந்தன. கடிகாரம் சராசரி 5 நிமிடம் 39 விநாடி என்று காட்டியது. அப்படியானால் 1 மணி 59 நிமிடம் 12 விநாடியில் முடிய வேண்டும். ஆனால் கோட்டைக் கடந்தபோது கிடைத்த நேரம் 2 மணி 0 நிமிடம் 21 விநாடி.

அன்று பகல் முழுவதும் கடிகாரத்தைத் திட்டினேன். மாலையில் கணக்குப் போட்டபோது உண்மை விளங்கிற்று. பந்தயப் பாதையை அளப்பவர்கள், அளவு சரிபார்த்த சைக்கிளில், வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரத்துக்கு ஒன்று கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். நானோ கூட்டத்தில் வளைந்து நெளிந்து, வளைவுகளில் வெளிப்புறமாகச் சுற்றி, தண்ணீர் மேசைக்குக் குறுக்கே போய் வந்தேன். கடிகாரம் காட்டிய தூரம் 21.3 கிலோமீட்டர். கடிகாரத்துக்கும் சிறு பிழை உண்டு; ஆனால் இரண்டு மணிக்குள் முடிக்க அது 5 நிமிடம் 38 விநாடியைக் காட்டியிருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு விநாடி. 21 கிலோமீட்டருக்கு 21 விநாடி. என் பிழை அவ்வளவுதான், அங்கேதான்.

தந்தையாருக்குச் சொல்ல வேண்டிய விடை இதில் இருக்கிறது. முதல் பருவத்தில் தேர்வில் தோற்றபோது, நானே ஒட்டுமொத்தமாகத் தோற்றவன் என்று எண்ணினேன். எங்கே, எவ்வளவு என்று பார்க்கத் துணியவில்லை. முதல் பந்தயத்தில் தோற்ற இரவு, ஒவ்வொரு கிலோமீட்டரின் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதினேன். தோல்வி 12-ஆம் கிலோமீட்டரில் தொடங்கியது தெளிவாகத் தெரிந்தது. மறுவாரம் ஆசிரியரிடம் சென்று, தோற்ற இரு தாள்களிலும் நான் செய்த பிழைகளை வரிசையாகக் கேட்டு அதே குறிப்பேட்டில் எழுதினேன். அவ்வாண்டு டிசம்பரில் இரண்டையும் மீண்டும் எழுதித் தேறினேன். அப்பா, உங்களிடம் இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன். யாரோடு போட்டி என்றீர்களே, யாரோடும் இல்லை. என் தோல்வியை அளந்து பார்க்க ஒரு கோல் வேண்டியிருந்தது. அது எனக்கு இரண்டு மணி என்னும் வடிவில் கிடைத்தது.

இவ்வாண்டும் ஓடுகிறேன். வளைவுகளில் உள்விளிம்பைப் பிடிக்கப் பழகி வருகிறேன். புதிதாக வந்துள்ள தம்பி தங்கைகளில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பவர்கள் யாரேனும் இருந்தால், ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு விடுதி வாயிலுக்கு வாருங்கள். ரிட்ஜ் காட்டுக்குள் ஏழு நிமிட வேகத்தில் ஓடுவோம். குரங்குகள் துரத்தினால் மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வழியில் ஆளுக்கொரு குறள் சொல்ல வேண்டும்.