முதுகு பிடித்த பிறகு டெட்லிஃப்ட்

தரையில் கிடக்கும் பார்பெல்லை இரண்டு கைகளாலும் பற்றி, முழங்காலும் இடுப்பும் நிமிரும்வரை தூக்கி நிற்பதுதான் டெட்லிஃப்ட். வலுதூக்கும் போட்டிகளில் ஸ்குவாட்டும் பெஞ்ச் பிரஸ்ஸும் முடிந்தபின் கடைசியாக வருவது இது. போட்டிக் கம்பியின் எடை 20 கிலோ. பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர் என்பதால் கம்பி தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். இது பிளேட்டின் அளவால் வந்த உயரமே தவிர, மனித உடலை அளந்து வைத்தது அல்ல. ஐந்தடி உயரம் உள்ளவரும் ஆறடிக்காரரும் அதே இடத்திலிருந்துதான் குனிந்து எடுக்கிறார்கள்.

தூக்கும் வேலையைச் செய்பவை புட்டத் தசைகளும் தொடைத் தசைகளும். முதுகுத் தசைகளின் பணி வேறு: பாரம் ஏறும்போது முதுகெலும்பு வளைந்துவிடாமல் அவை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தசைகள் முதுகெலும்பிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்திலேயே இருக்கின்றன. கம்பியோ அதைப் போலப் பல மடங்கு தூரம் முன்னால் தொங்குகிறது. நெம்புகோல் கணக்குப்படி, கையில் 100 கிலோ இருந்தால் முதுகு அதைவிடப் பல மடங்கு விசையோடு இழுத்தாக வேண்டும். கம்பி காலை விட்டு நான்கு விரல் விலகினாலே சுமை சட்டென்று கூடிவிடும். களைத்துப்போன கடைசி செட்டில், தூக்கம் கெட்ட மறுநாளில், பழகாத எடைக்கு ஒரே வாரத்தில் தாவும்போது முதுகு பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

அப்படிப் பிடித்துக்கொண்டதும் பலர் ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020-ல் கீழ்முதுகு வலி இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர். அவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு இன்ன திசுவில் இன்ன சேதம் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாத வகை வலிதான். ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருந்தால் வலிக்கு அதுவே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. பிதுங்கிய டிஸ்க் சில மாதங்களில் தானாகவே சுருங்கிப்போவதும் மருத்துவர்கள் அடிக்கடி காண்பதுதான். அமெரிக்க வீரர் லாமார் கேன்ட்டுக்கு முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்திருந்தது. தன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கை முதன்முதலில் டெட்லிஃப்டில் தூக்கியவர், 1985-ல், அவர்தான். அவரை எல்லாருக்கும் அளவுகோலாக வைக்க முடியாது. ஆனால் ஸ்கேன் அறிக்கையைப் படித்துவிட்டு இனி எதையும் தூக்கக்கூடாது என்று முடிவு கட்டுவது அவசரம் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

சில அறிகுறிகளில் மட்டும் காத்திருக்கவே கூடாது. தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலத்தை அடக்கும் கட்டுப்பாட்டை இழப்பது, பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபடுவது ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத எடைக்குறைவு, புற்றுநோய் வந்த வரலாறு, விபத்துக்குப் பின் வந்த வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கால் வரை மின்னல்போல் இறங்கும் வலி வாரக்கணக்கில் தணியாவிட்டால் அதுவும் ஜிம் மாஸ்டரிடம் கேட்டுத் தீர்க்கும் விஷயமல்ல.

ஆபத்தான அறிகுறிகள் இல்லாதவர்களுக்குப் படுக்கை ஓய்வு இப்போது சொல்லப்படுவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வலியைக் கூட்டும் அசைவுகளைக் குறைத்துக்கொண்டு, தாங்கும் அளவுக்கு நடப்பதுதான் தொடக்கம். அதற்கு அடுத்த கட்டமாகப் பலருக்கும் சொல்லித் தரப்படுவது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வு நடத்திய ஸ்டூவர்ட் மெக்கில்லின் மூன்று பயிற்சிகள். மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது முதலாவது. ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது அடுத்தது. நான்கு கால் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது மூன்றாவது. மற்றப் பயிற்சிகளைவிட இவையே சிறந்தவை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதுகை அதிகம் வளைக்காமல் அதைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வேலை கொடுப்பதால் வலி இருக்கும் நாளிலும் பெரும்பாலும் செய்ய முடிகிறது. அமெரிக்க வலுதூக்கும் வீரர் பிரையன் கேரல் முதுகெலும்பிலும் அதன் அடியிலுள்ள திருவெலும்பிலும் முறிவோடு மெக்கில்லிடம் வந்தவர். கனத்த எடையை முற்றிலும் நிறுத்தி, எலும்பு ஆறும்வரை பல மாதம் காத்திருந்து திரும்பினார். 2020-ல் ஸ்குவாட்டில் சுமார் 592 கிலோ தூக்கினார்.

கம்பிக்குத் திரும்புவது எப்போது என்பதற்குத் தேதி கிடையாது, வலிதான் அளவுகோல். பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரையான அளவில் மூன்றுக்குள் வலி நிற்க வேண்டும். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். பயிற்சியாளர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் பரவலாகப் பின்பற்றும் இந்த விதியில் இரண்டாவது பாதிதான் முக்கியம். தூக்கும்போது ஒன்றும் தெரியாமல், மறுநாள் காலணி மாட்டக் குனிய முடியவில்லை என்றால் முந்தைய நாளின் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

வலியில்லாமல் தூக்க முடிகிற வடிவம் எது என்று தேடுவது இந்தக் கட்டத்தின் வேலை. கம்பியைக் கட்டைகள்மேல் வைத்து முழங்காலுக்குக் கீழிருந்து எடுத்தால் குனியும் ஆழம் குறையும். வாரம் செல்லச் செல்லக் கட்டையின் உயரத்தைக் குறைத்துத் தரைக்கு வரலாம். அறுகோண வடிவ டிராப் பாரில் தூக்குபவர் நடுவில் நிற்பதால் எடை உடலுக்குப் பக்கவாட்டில் வந்துவிடுகிறது. நேர்க்கம்பியோடு ஒப்பிட்டு 2011-ல் வந்த ஓர் ஆய்வில், டிராப் பாரில் கீழ்முதுகின் மேல் விழும் திருப்புவிசை குறைந்து முழங்காலின் பங்கு கூடியது தெரிந்தது. கால்களை அகட்டி நிற்கும் சுமோ முறையிலும் முதுகு இன்னும் நிமிர்ந்திருக்கும்; ஆனால் தொடையின் உட்பக்கத்துக்குப் பழக்கமில்லாவிட்டால் அங்கே புது வலி முளைக்கலாம். சாதாரண ஜிம்மில் இவை எதுவும் இல்லை என்றால் ஒரு கெட்டில்பெல்லே போதும்.

தொடங்கும் எடை கூச்சம் தரும் அளவுக்குக் குறைவாக இருக்கலாம். அடிபடுவதற்கு முன் 140 கிலோ தூக்கியவர் 40 கிலோவில், எட்டு எட்டாக, இறக்கும்போது மூன்று விநாடி எடுத்துச் செய்தால் முதல் வாரத்துக்கு அதுவே நிறைய. செட் முடியும்போது இன்னும் நான்கைந்து ரெப் செய்யலாம் என்ற தெம்பு மிச்சமிருக்க வேண்டும். இரண்டு பயிற்சிக்கு நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, மறுநாள் காலைச் சோதனையில் தேறினால் ஐந்து கிலோவோ இரண்டரை கிலோவோ ஏற்றலாம். ஒரு வாரம் எடையைக் கூட்டினால் அதே வாரத்தில் செட்டைக் கூட்டக்கூடாது. ஏதாவது தவறினால் எது காரணம் என்று தெரியாமல் போவதைத் தவிர்க்கவே இந்தக் கட்டுப்பாடு.

சிக்கல் தொடங்குவது நன்றாகப் போகத் தொடங்கிய பிறகுதான். இழந்த பலம் புதிதாகச் சேர்த்த காலத்தைவிட வேகமாகத் திரும்பும். 2024-ல் பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் பயிற்சியை விட்டவர்கள் சுமார் ஐந்து வாரத்திலேயே பழைய நிலையை எட்டினார்கள். அவர்கள் காயம்பட்டவர்கள் அல்ல. ஆனால் தசை பழையதை எவ்வளவு விரைவாக மீட்கிறது என்பதை அது காட்டுகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ, ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால், மாதக்கணக்கில்தான் மாறுகின்றன. ஆக, வலி போய்விட்டது, தசையும் தயார், ஆனால் தசைநாண் இன்னும் தயாரில்லை என்ற ஓர் இடைவெளி வருகிறது. பழைய எடையை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் ஆசை வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். முழு எடையை ஏற்றுவதைத் தள்ளிப்போட்டு, எழுபது, எண்பது சதவீதத்தில் சில வாரம் கூடுதலாகக் கழிப்பது அலுப்பான வேலை. அதைத் தவிர்க்க வழியில்லை.

அந்த வாரங்கள் தூக்கும் முறையைத் திருத்தவும் உதவும். கம்பி பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கணைக்காலை ஒட்டியே ஏற வேண்டும். தூக்குமுன் வயிறு நிறைய மூச்சை இழுத்து, யாரோ குத்தப்போவதுபோல் வயிற்றைச் சுற்றிலும் இறுக்க வேண்டும். பெல்ட் அந்த அழுத்தத்துக்குத் துணை மட்டுமே. பெல்ட் போட்டதால் முதுகு பத்திரம் என்று நினைப்பது வீண். மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் மிக உயரும் என்பதால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கனத்த எடைக்குப் போக வேண்டும். ஓர் உள்ளங்கை முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் பிடிப்பவர்களுக்கு முன்னோக்கிய கையின் முழங்கையருகே தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. முதுகைக் காப்பாற்றித் திரும்பியவர் கையைக் கொடுத்துவிடக் கூடாது. பிடிக்கு உதவியாக ஸ்ட்ராப் கட்டிக்கொள்வதில் கௌரவக் குறைவு இல்லை.

பயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதுகு பிடித்தவர்கள் மாதக்கணக்கில் குனியவே அஞ்சுவதும், அந்த அச்சமே வலியை நீட்டிப்பதும் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. சமையலறை கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. உருளையையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. ஜிம்மில் 40 கிலோவுக்கு நடுங்குபவர் வீட்டில் அதை நகர்த்திக்கொண்டுதான் இருக்கிறார். குறைந்த எடையை அடிக்கடி, வலியின்றித் தூக்கிப் பழகுவதைத் தவிர இந்தப் பயத்துக்கு வேறு மருந்து இல்லை. நடுவில் ஒருநாள் வலி எட்டிப் பார்த்தால் அது பழைய காயம் திரும்பியதாகாது. இரண்டு வாரம் முந்தைய எடைக்கு இறங்கி, அங்கிருந்து ஏறலாம்.

போட்டிக்குத் திரும்புபவர் முதல் தூக்கலின் எடையைத் தேர்வதில்தான் கவனம் வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு உண்டு. முதல் தூக்கல் தோற்றாலும் அடுத்ததற்கு அதே எடையோ அதற்கு மேலோதான் கேட்க முடியும். இறங்க விதி இடம் தராது. பயிற்சியில் மூன்று முறை தொடர்ந்து சிரமமின்றித் தூக்கிய எடையை முதலில் எழுதிக்கொடுப்பதே வழக்கம். காயத்திலிருந்து வந்தவர் அதற்கும் ஒரு படி கீழே கொடுக்கலாம்.