வண்டிக்குப் பின்னால் மாடு

என்ஜினை டிரைவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக அமெரிக்காவின் கார்வெட் காருக்கு 60 ஆண்டுகள் பிடித்தன. குறுக்கே நின்றது பொறியியல் அல்ல, கணக்குப் புத்தகம்.

2019 ஜூலை 18. கலிஃபோர்னியாவின் டஸ்டின் நகரில், இரண்டாம் உலகப் போரின்போது ஆகாயக் கப்பல்களை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட பிரம்மாண்டமான மரக் கொட்டகை. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே மேடையேற்றிய காரில் ஒன்று காணாமல்போயிருந்தது. நீண்டு நிமிர்ந்த அந்த மூக்கு. 1953இலிருந்து ஏழு தலைமுறைகளாக செவ்ரோலெட் கார்வெட்டின் அடையாளமே அந்த மூக்குதான். அதற்குள்தான் வி8 என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. இப்போது மூக்கு சுருங்கிவிட்டது. டிரைவர் 42 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்து, கிட்டத்தட்ட முன் சக்கரங்களை ஒட்டி உட்கார்ந்திருந்தார். என்ஜின் அவருடைய முதுகுக்குப் பின்னால், ஒரு கண்ணாடிக்குக் கீழே, கடையில் வைத்த நகைபோல் காட்சிக்கு இருந்தது.

இடம்தானே மாறியது, இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நம் ஊர்த் தெருக்களிலேயே மூன்று வகையும் ஓடியிருக்கின்றன. அம்பாசிடரில் என்ஜின் முன்னால், ஓடுவது பின் சக்கரம். இரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்காகத்தான் அதன் தரையில் நீளவாக்கில் ஒரு மேடு. நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடமிருக்காது. 1983இல் வந்த மாருதி 800இல் என்ஜினும் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். ஷாஃப்டும் இல்லை, மேடும் இல்லை. 2008இல் டெல்லியில் அறிமுகமான டாடா நானோ என்ஜினைப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளியது. ஆட்டோ ரிக்ஷாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பஜாஜ் ஆர்.இ. என்ற பெயரில் இருப்பதே ‘பின் என்ஜின்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான்.

ஆனால் இவையெல்லாம் இடத்தையும் விலையையும் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடுகள். ஸ்போர்ட்ஸ் காரில் கணக்கு வேறு. இரு முனைகளிலும் தண்ணீர்க் குடம் கட்டிய ஒரு நீளக் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். கழி வர மறுக்கும்; வந்த பிறகு நிற்க மறுக்கும். அதே இரண்டு குடங்களையும் கழுத்தருகே கொண்டுவந்தால் சுலபமாகத் திரும்பலாம். காரிலும் அதேதான். கனமான என்ஜின் மூக்கில் இருந்தால் வளைவில் திரும்பத் தயங்கும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருந்தால் ஸ்டியரிங் சொன்னதும் கேட்கும். இன்னொரு லாபம், பிடிமானம். கார் பாய்ந்து கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. ஏற்கனவே பின் சக்கரங்களை ஒட்டி என்ஜின் அழுத்திக்கொண்டிருந்தால் டயர் வழுக்காமல் சாலையைக் கவ்வுகிறது.

பந்தய உலகம் இதை 1950களின் இறுதியிலேயே படித்துவிட்டது. இங்கிலாந்தின் சின்னஞ்சிறு கூப்பர் கம்பெனி, என்ஜினை டிரைவருக்குப் பின்னால் வைத்த காரோடு ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்தது. 1958இல் அர்ஜென்டினாவில் ஸ்டெர்லிங் மாஸ் அதில் ஜெயித்தார். 1959லும் 1960லும் ஜாக் பிரபாம் உலக சாம்பியன். காளை வண்டியை இழுக்க வேண்டுமே தவிர தள்ளக் கூடாது என்ற பொருளில் என்ஸோ ஃபெராரி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். அவரும் 1961இல் என்ஜினைப் பின்னால் வைத்துத்தான் சாம்பியன் பட்டத்தை மீட்டார். 1966இல் லம்போர்கினி மியூரா வந்ததும் பணக்காரர்களின் சாலைக் கார்களுக்கும் அந்த ஏற்பாடு தொற்றிக்கொண்டது.

கார்வெட் மட்டும் அசையவில்லை. அதை அசைக்க ஒருவர் ஆயுளில் பாதியைச் செலவிட்டார்.

ஜோரா ஆர்க்கஸ்-டன்டவ். 1909இல் பிரஸ்ஸல்ஸில் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். லெனின்கிராடில் வளர்ந்து, பெர்லினில் இன்ஜினியரிங் படித்து, பிரெஞ்சு விமானப் படையில் இருந்து, ஹிட்லரின் படைகள் பிரான்ஸை விழுங்கியதும் ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்தார். உருவத்தில் சொக்கிப்போனார்; உள்ளே இருந்த ஆறு சிலிண்டர் என்ஜினைப் பார்த்து நொந்துபோனார். செவ்ரோலெட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு மே மாதமே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அழகு மட்டுமே இருந்த காருக்கு அவர் பலம் சேர்த்தார். 1955இல் வி8 வந்தது. 1956இல் டேடோனா கடற்கரையில் மணிக்கு 150 மைல் வேகத்தில் கார்வெட்டை அவரே ஓட்டிக் காட்டினார். இதற்கிடையே 1954லும் 1955லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே ஓட்டி, தன் பிரிவில் ஜெயித்தும் இருந்தார். என்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருந்த கார்கள் அவை. கைகளுக்குப் பிடிபட்ட அந்த ருசி அவரை விடவே இல்லை.

1960இல் சி.இ.ஆர்.வி. 1 என்ற ஒற்றை இருக்கைச் சோதனைக் காரை உருவாக்கினார். என்ஜின் டிரைவருக்குப் பின்னால். 1964இல் சி.இ.ஆர்.வி. 2. இதில் ஒரு படி மேலே போய் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி அனுப்பினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு டார்க் கன்வர்ட்டர், இரண்டு கியர்பாக்ஸ். நான்கு சக்கரத்தையும் இயக்கும் ஸ்போர்ட்ஸ் கார் என்பது அப்போது யாரும் எதிர்பாராத சமாச்சாரம். ஆனால் பந்தயங்களிலிருந்து விலகியிருப்பது என்று கம்பெனி முடிவெடுத்திருந்த நேரம் அது. கார் மூலைக்குப் போனது.

1970இல் நியூயார்க் கண்காட்சிக்கு எக்ஸ்பி-882 வந்தது. டன்டவின் மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு அதன் உட்புறம்தான் சாட்சி. என்ஜினைப் பின்னால் வைத்தால் அதற்குப் பொருந்தும் கியர்பாக்ஸ் வேண்டும். அப்படி ஒன்றைப் புதிதாகச் செய்யப் பெரும் பணம் வேண்டும். பணம் தர ஆள் இல்லை. முன் சக்கர இழுப்புக் காரான ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோவின் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் கம்பெனியின் கையிருப்பில் இருந்தது. அதை எடுத்தார். வி8 என்ஜினைக் குறுக்குவாட்டில் படுக்க வைத்தார். என்ஜின் சக்தி சங்கிலி வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போய், அங்கிருந்து பற்சக்கரங்களில் செங்கோணமாகத் திரும்பி, ஒரு ஷாஃப்ட் மூலம் பின் அச்சுக்குப் போக வேண்டும். ஆனால் குறுக்கே என்ஜினே நிற்கிறது. டன்டவ் என்ஜினின் ஆயில் சம்ப்புக்குள்ளேயே ஒரு குழாய் விட்டு ஷாஃப்டை நுழைத்தார். எண்ணெய் ஒரு பக்கம், சுழலும் ஷாஃப்ட் மறுபக்கம். ஒட்டுப்போட்ட சட்டைதான், ஆனால் தையல் தெரியாத ஒட்டு.

பத்திரிகைகள் புகழ்ந்தன. உற்பத்தி மட்டும் நடக்கவில்லை. அதே காரின் அடித்தளத்தில் வாங்கெல் சுழல் என்ஜினைப் பொருத்தி 1973இல் ஒரு கார். பெட்ரோல் நெருக்கடி வந்ததும் அந்த என்ஜினுக்கு மூடுவிழா. மறுபடி வி8 பொருத்தி ஏரோவெட் என்று பெயர் சூட்டினார்கள். அதுவும் தயாரிப்புக்குப் போகவில்லை.

காரணம் எளிமையானது. முன் என்ஜின் கார்வெட்டை மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 1979இல் தயாரானவை 53,807. இன்றுவரை அந்த எண்ணிக்கையைத் தாண்டியதில்லை. விற்கிற சரக்கை ஏன் மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. கேட்டதில் தப்பும் இல்லை. ஆனால் டன்டவின் வாதத்தையும் யாரும் முறியடிக்கவில்லை, ஒத்திப்போட்டார்கள், அவ்வளவுதான். 1975இல் அவர் ஓய்வுபெற்றார். 1996 ஏப்ரலில், 86 வயதில் இறந்தார். கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில், கார்வெட் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள மியூசியத்தில் அவருடைய அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அவருக்குப் பின் வந்தவர்கள் பாதி வழி வந்தார்கள். 1997இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறையில் என்ஜின் முன்னாலேயே இருக்க, கியர்பாக்ஸ் மட்டும் பின் அச்சுக்குப் போனது. எடை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தது. என்ஜினைப் பின்னுக்குக் கொண்டுபோகும் திட்டம் ஏழாம் தலைமுறைக்காக மறுபடி தூசி தட்டப்பட்டது. ஆனால் 2009இல் ஜெனரல் மோட்டார்ஸே திவாலாகி நீதிமன்றப் படியேறியது. உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்தபோது மூக்கைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

கடைசியில் நிர்வாகத்தின் வாயை அடைத்தது டயர். 2019 மாடல் கார்வெட் இஸட்.ஆர்.1இல் 755 குதிரைத்திறன். முன் என்ஜினோடு அந்தக் கம்பெனி செய்ததிலேயே அசுரத்தனமான கார்வெட் அது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அதற்கு 2.85 வினாடி. அடுத்த ஆண்டு வந்த எட்டாம் தலைமுறையின் ஆரம்ப மாடலில் 6.2 லிட்டர் வி8. சாதாரணமாக 490, கூடுதல் சாதனங்களோடு 495 குதிரைத்திறன். அதுவும் மூன்று வினாடிக்குள் அதே வேகத்தைத் தொட்டது. 260 குதிரைகள் குறைவு. நேரம் ஏறக்குறைய அதே. முன்னால் நின்ற கூடுதல் குதிரைகளின் உழைப்பில் பெரும் பங்கு டயரைத் தேய்ப்பதிலேயே போயிருக்கிறது.

மாற்றம் சும்மா வரவில்லை. என்ஜினைத் தூக்கிப் பின்னால் வைப்பதோடு வேலை முடிவதில்லை. காரின் எலும்புக்கூடே வேறு. இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஆலையில் வார்த்த ஆறு பெரிய அலுமினியப் பாகங்களைச் சுற்றி அதைக் கட்டினார்கள். காற்றை உள்ளே இழுக்கப் பக்கவாட்டில் வாய்கள். சோதனை ஓட்டத்தில் யாரும் மோப்பம் பிடிக்காமலிருக்க, முதல் சோதனை வண்டிக்கு ஆஸ்திரேலிய ஹோல்டன் பிக்கப்பின் முகமூடியை மாட்டி ஓட்டினார்கள். அந்த வேஷதாரிக்குப் பெயர் பிளாக்ஜாக். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ஜினுக்குப் பின்னால் இரண்டு கோல்ஃப் பைகள் வைக்கும் அளவுக்கு டிக்கி இருந்தாக வேண்டும். கார்வெட் வாங்குபவர் ஐம்பதைத் தாண்டிய அமெரிக்கர் என்பதை இன்ஜினியர்கள் மறக்கவில்லை.

இழப்பும் உண்டு. காலால் கிளட்ச் மிதித்து கையால் போடும் கியர் அடியோடு போய்விட்டது. ட்ரெமெக் கம்பெனியின் எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேடிக் மட்டுமே. இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தும் மேனுவல் கியர்பாக்ஸை இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் செய்து தர யாரும் முன்வரவில்லை என்றார் அப்போதைய தலைமை இன்ஜினியர் டாட்ஜ் யூக்டர். டன்டவின் கைக்கெட்டாமல்போன அதே கியர்பாக்ஸ் பிரச்சினைதான், 50 ஆண்டு கழித்து வேறு வேஷத்தில்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சுலபமாகத் திரும்பும் கார் சுலபமாகச் சுழலவும் செய்யும். முன் என்ஜின் கார் எல்லை மீறும் முன் கொஞ்சம் முனகும். நடு என்ஜின் கார் பேசாமல் பம்பரமாகிவிடும். பழைய மியூரா சொந்தக்காரர்களுக்கு இது தெரியும். இன்று எலெக்ட்ரானிக் காவலர்கள் அதைப் பெருமளவு தடுக்கிறார்கள் என்பதால்தான் சாதாரண டிரைவர் கையில் இப்படி ஒரு காரைத் துணிந்து கொடுக்க முடிகிறது.

என்ஜினை இடம் மாற்றிப் பிழைத்த கார் இது ஒன்றுதான் என்பதில்லை. 1980இல் பிரான்ஸின் ரெனோ தன் சாதுவான முன் சக்கர இழுப்பு ரெனோ 5இன் பின் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கே டர்போ என்ஜினை வைத்துப் பின் சக்கரங்களைச் சுழலவிட்டது. மறு ஆண்டே ழான் ராக்னோட்டி அதில் மாண்டே கார்லோ ரேலியை வென்றார். பின் அச்சுக்கு அப்பால் என்ஜினைத் தொங்கவிடுவதை வேதமாகக் கருதும் போர்ஷே 911 கூட, 2017இல் பந்தயக் காருக்கு மட்டும் என்ஜினை அச்சுக்கு முன்னால் நகர்த்திக்கொண்டது. சாலையில் விற்கும் 911இல் கை வைக்கவில்லை. பக்தர்களின் கோபத்துக்கு அது பயந்திருக்கலாம். கார்வெட் அந்தக் கோபத்தைத் துணிந்து எதிர்கொண்டது.

பக்தர்கள் ஓடிவிடவில்லை. 60,000 டாலருக்குச் சற்றே குறைந்த ஆரம்ப விலையில், இத்தாலிக்காரர்கள் பல மடங்கு விலைக்கு விற்ற அமைப்பு கிடைத்தால் யார் ஓடுவார்கள்? 2023 மாடல் ஆண்டில் 53,785 கார்கள் தயாராயின. 1979இன் சாதனைக்கு 22தான் குறைவு. ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நாடுகளுக்காக முதல்முறையாகத் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கும் வந்தது.

2023 ஜனவரி 17. வால்டார்ஃப் அஸ்டோரியாவில் முதல் கார்வெட் காட்சிக்கு வந்து சரியாக 70 ஆண்டுகள் நிறைந்த நாள். அன்று இ-ரே என்ற கார்வெட்டைக் காட்டினார்கள். பின் சக்கரங்களுக்கு வழக்கமான வி8, முன் சக்கரங்களுக்கு 160 குதிரைத்திறன் மின் மோட்டார். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் எதுவும் கிடையாது. சி.இ.ஆர்.வி. 2இல் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக டன்டவ் வைத்த இரண்டு கியர்பாக்ஸ்களில் முன்னாலிருந்ததன் இடத்தில் இப்போது மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. நான்கு சக்கரங்களும் இயங்கும் முதல் கார்வெட் விற்பனைக்கு வந்தது.